விசைத்தறி அல்லாத தறி

நாவலுக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுதி அலுத்துவிட்டது. ஒரு மாறுதலுக்காகச் சட்டம் ஒன்றை விமர்சித்தால் என்ன என்று தோன்றியது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகாத நடுத்தரக் குடும்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். அந்தப் பட்டுக்கு வேலி போட்டிருக்கும் சட்டத்தைப் படித்தவர்கள் அதைவிட அபூர்வம். 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். இன்னின்ன ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யலாம், விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று ஒதுக்கி வைப்பது அதன் வேலை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னச் சட்டந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் காப்பிக்கு முன் முடித்துவிடலாம். நடுவில் சற்றுக் கண்ணயரவும் சௌகரியமுண்டு.

எனக்கு ஆரம்பத்திலேயே தூக்கம் கலைந்துவிட்டது. கைத்தறி என்றால் என்ன என்று சட்டம் விளக்குகிறது: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. அவ்வளவுதான். கதாநாயகன் யார் என்று கேட்டால், வில்லன் அல்லாதவன் என்று பதில் சொல்கிற நாவலை நீங்கள் மேலே படிப்பீர்களா?

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்கு இந்த விளக்கத்தின் வறுமை புரியும். தரையில் குழி, குழிக்குள் மிதிபலகை, அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறார் நெசவாளி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கை போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறார். உடலும் கரையும் இழைக்கு இழை பின்னிக்கொள்ளும் இந்த வேலைக்குக் கோர்வை என்று பெயர். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பாவையே மாற்றி, பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். அது பேட்னி. பத்துப் பதினைந்து நாளில் ஒரு புடவை இறங்கும். இதில் ஒரு வார்த்தைகூடச் சட்டத்தின் விளக்கத்தில் இல்லை. மோட்டார் இல்லை என்பது மட்டும் இருக்கிறது.

சரி, விளக்கம் மோசம், வேலி நியாயமா? வேலியை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, கைத்தறி நம் பாரம்பரியம், கலை, பண்பாடு என்பது. எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை கிடையாது. பாரம்பரியம் என்பதற்காக மட்டும் ஒரு தொழிலை மற்றவனுக்கு அடைப்பதென்றால், நாளைக்கு மாட்டு வண்டிக்காரர் பஸ்ஸுக்குத் தடை கேட்பார். எதிர்ப்பவர்களின் வாதத்தில் சதைப்பற்று அதிகம். விசைத்தறிக்காரரும் ஏழைதான், பல இடங்களில் அவரும் நெசவாளி மகன்தான், அவர் கரண்டு போட்டுக்கொண்டதைத் தவிர என்ன குற்றம் செய்தார் என்று கேட்கிறார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனதில், சட்டம் பிறந்தும் பேச்சில்லாமல் கிடந்தது. 1993-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த வழக்கில் எனக்குத் தெளிவு வந்தது, சம்பந்தமே இல்லாத ஒரு தேசத்துச் சண்டையிலிருந்து. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மலைகளில் குளிர்காலத்தில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சியார் காலில் சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு அரைநாள் மூச்சிரைக்க மலையேறி, யார் காலும் படாத பனியில் ஒரு தடவை சறுக்கி இறங்குவார்கள். அதற்காகவா இவ்வளவு பாடு என்று நாம் கேட்கலாம். கோர்வைப் புடவையைப் பார்த்து அவர்களும் கேட்கலாம். இன்னொரு கட்சியார் மோட்டார் பனிவண்டியில் அதே மலையைச் சில நிமிஷத்தில் ஏறிவிடுவார்கள். எல்லோஸ்டோன் பூங்காவுக்குள் இந்த வண்டி நுழைந்தது 1963-இல். அன்று தொடங்கிய தகராறு பல மலைகளுக்குப் பரவிவிட்டது. பனி மிகுதியாகப் பெய்யும் ஒவ்வொரு காட்டிலும் வண்டி எங்கே போகலாம் என்று வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும் என்று அந்நாட்டு வனத்துறை 2015-இல் விதி செய்தது.

வண்டிக் கட்சி சொல்வது: மலை எல்லோருக்கும் பொது; வயதானவர், நடக்க இயலாதவர் எப்படி மேலே போவது? சறுக்குக்காரர் மட்டும் அடிவாரம் வரை காரில் வரவில்லையா? எல்லாம் நியாயமான கேள்விகள். சறுக்குக் கட்சியின் பதிலோ எளிது. நாங்கள் ஏறுவதால் உங்கள் சவாரிக்கு ஒரு குறையும் வராது. நீங்கள் ஒரு காலைப்பொழுது ஓட்டினால் சரிவு முழுவதும் தடமாகி, நாங்கள் ஏறிய அரைநாள் வீண்.

கைத்தறிக்கு வேலி கேட்பவர்கள் சொல்லத் தவறிய வாதம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. கைத்தறியால் விசைத்தறிக்கு நஷ்டமில்லை. விசைத்தறி அதே கரையை, அதே பெயரில், சொற்ப நேரத்தில் இறக்கினால், குழியில் உட்கார்ந்தவரின் பத்து நாள் கூலி போய்விடுகிறது. சேதம் ஒரு பக்கமாகவே பாய்கிறது. உசத்தி தாழ்த்தி என்ற பேச்சுக்கே அவசியமில்லை. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே விடவேண்டும் என்று மத்திய சர்க்காரோடு மன்றாடியதும், அவரை எதிர்த்த காஞ்சிபுரத்து அண்ணாதுரை 1953-இல் திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றதும் இந்த ஒருபக்கச் சேதத்தைக் கண்டுதான். அன்று எதிரி ஆலை, பிறகு விசைத்தறி.

சட்டம் வந்தபின் ஒதுக்கிய ரகங்கள் 22. 1996-இல் அவை 11 ஆயின. அதில் புடவை தப்பியது. தப்பி என்ன பயன்? போன தை மாதம் ஒரு கடையில், எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு புடவையை விரித்து, "இது கைத்தறியாப்பா?" என்று கேட்டாள்.

"சுத்தப் பட்டும்மா. முத்திரை போட்டிருக்கு பாருங்க" என்றான் விற்பனைப் பையன்.

"அது தெரியுது. தறியைக் கேட்டேன்."

"அசல் காஞ்சிபுரம்மா" என்று சொல்லி அடுத்த புடவையை விரித்துவிட்டான்.

அவன் சொன்ன இரண்டில் எதுவும் அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. பட்டு முத்திரை, இழை சுத்தமான பட்டு என்று மட்டுமே சொல்லும். எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. கைத்தறிக்கென்று 2006-இல் வந்த முத்திரை வேறு. காஞ்சிபுரப் பட்டுக்கென்று 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடும் வேறு. மூன்றையும் பிரித்து அறிந்து கல்யாண ஜவுளி எடுக்க வேண்டுமென்றால், பெண் வீட்டார் கூடவே ஒரு வக்கீலை அழைத்துப் போக வேண்டியதுதான். மலையிலாவது தடத்தைப் பார்த்தால் வண்டி போனது தெரிகிறது. புடவையில் தடம் மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது.

விளக்கத்தின் ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 2012-இல் தெரிந்தது. நெசவில் ஏதாவது ஒரு வேலைக்கு மனிதக் கை பட்டால் போதும், அதையும் கைத்தறியில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை புறப்பட்டது. நெசவாளர்கள் கூச்சல் போட்டதால் அது நின்றது. மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத விளக்கத்துக்குள் யாரை வேண்டுமானாலும் நுழைக்கலாமே!

இன்னொரு பெரிய குறையும் உண்டு. வேலி மோட்டாரை வெளியே நிறுத்தும். உள்ளே இருப்பவரை இருத்தி வைக்காது. 1995-96 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் கைத்தறியை நம்பியிருந்தவர்கள் சுமார் 65 லட்சம். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம். கடைசிக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கோர்வைக்கு நாடா தள்ள வேண்டிய பிள்ளை கம்பெனி வேலைக்கு பஸ் ஏறுகிறான் என்றால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்ரீபெரும்புதூர் தூரமில்லை.

இந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதும் வேலையை யாராவது என்னிடம் கொடுத்தால், வேலியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது பிரிவை மட்டும் அடித்துவிட்டு எழுதுவேன்: தறியை ஓட்டுவது மனித உடலின் பலம் என்று ஒரு வரி, எந்தத் தறியில் நெய்தது, நெய்தவருக்குக் கூலி என்ன என்று ஒவ்வொரு புடவை மடிப்பிலும் சீட்டு இருக்க வேண்டும் என்று இன்னொரு வரி. கடைக்காரர்கள் முதல் வரிக்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்கள். இரண்டாவதற்குச் சங்கம் கூட்டுவார்கள்.