ரேஞ்சரை லெவல் ஏற்ற டி அண்ட் டி பியாண்ட் எவ்வளவு உதவும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றாம் லெவலைத் தொடும் ரேஞ்சருக்கு முன்னால் நான்கு வழிகள் பிரிகின்றன: ஹன்டர், பீஸ்ட் மாஸ்டர், குளூம் ஸ்டாக்கர், ஃபே வாண்டரர். 2024-இல் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் தரும் பட்டியல் இது. எடுத்த வழியோடுதான் மிச்ச ஆட்டம் முழுவதும் போக வேண்டியிருக்கும். பல குழுக்களில் அது மாதக்கணக்கில் நீளும். இந்தத் தேர்வுக்காக இன்று பலரும் திறப்பது டி அண்ட் டி பியாண்ட். 2017-இல் தொடங்கிய இந்தச் சேவையை 2022-இல் ஹாஸ்ப்ரோ 14.63 கோடி டாலருக்கு வாங்கியது.

வில்லை நம்பும் ரேஞ்சர் ஒருவரை முதல் லெவலில் உருவாக்கி, ஒவ்வொரு படியாக ஐந்து வரை ஏற்றிப் பார்த்தேன். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் லெவலுக்கு மாற்றியதும் புரொஃபிஷியன்ஸி போனஸ் +3 ஆகிறது. வில்லின் அட்டாக், தேர்ந்த ஸ்கில்கள், சேவிங் த்ரோ என அதைச் சார்ந்த எல்லா எண்களும் உடனே மாறிவிடுகின்றன. ஹிட் பாயிண்டைப் பகடை உருட்டியும் சேர்க்கலாம், நிலையான எண்ணாகவும் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அழித்து அழித்து எழுதியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கணக்கு சரி, எதைத் தேர்வது என்பதுதான் கடினம். புதிய ரேஞ்சரின் மொத்த அமைப்பும் ஹன்டர்ஸ் மார்க் என்ற மந்திரத்தைச் சுற்றியே இருக்கிறது. முதல் லெவலிலேயே அது கையில் இருக்கும். ஸ்பெல் ஸ்லாட் செலவில்லாமல் இரண்டு முறை போடலாம். குறிவைத்த எதிரிமீது படும் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை கூடுதல் சேதம். ஆனால் அதைப் போட போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். எதிரி விழுந்தபின் அடுத்தவன்மீது மாற்றவும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். அது நீடிக்கக் கான்சன்ட்ரேஷனும் வேண்டும். ஒரு முறைக்கு ஒரே போனஸ் ஆக்‌ஷன், ஒரு நேரத்தில் ஒரே கான்சன்ட்ரேஷன் என்பது விதி. ஆகவே ரேஞ்சருக்குப் புதிதாக எதைச் சேர்த்தாலும், அது இந்த இரண்டில் ஒன்றோடு மோதுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பீஸ்ட் மாஸ்டரின் விலங்கு எதிரியைத் தாக்க, போனஸ் ஆக்‌ஷனில் ஆணையிட வேண்டும், இல்லையென்றால் தன் அட்டாக் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சண்டையின் முதல் சுற்றிலேயே குறியா விலங்கா என்ற இழுபறி வந்துவிடும். ஐந்தாம் லெவலில் திறக்கும் ஸ்பைக் க்ரோத், பாஸ் விதவுட் ட்ரேஸ் இரண்டுமே கான்சன்ட்ரேஷன் கேட்பவை. குறியைக் கைவிட்டால்தான் அவற்றைப் போட முடியும். குளூம் ஸ்டாக்கரோ இரண்டையும் தொடுவதில்லை. இனிஷியேட்டிவில் விஸ்டம் சேர்கிறது, வேண்டிய அடியில் இரண்டு ஆறுமுகப் பகடை சேதத்தைக் கூட்டலாம், இருட்டிலும் பார்வை கிடைக்கிறது. ஹன்டரின் கொலோசஸ் ஸ்லேயரும் அப்படியே: ஏற்கெனவே காயம்பட்ட எதிரியை அடித்தால் போதும், எட்டுமுகப் பகடை ஒன்று தானாகச் சேரும்.

லெவல் ஏற்றும் பக்கத்தில் இந்த மோதலைப் பற்றி எச்சரிக்கை எதுவும் இல்லை. எல்லா வழிகளும் ஒரே தோற்றத்தில், ஒரே எடையோடு நிற்கின்றன. தேர்வை முடித்து ஆடும் தாளைத் திறந்தால்தான் போனஸ் ஆக்‌ஷன்கள் தனித் தலைப்பில் வரிசையாக வருகின்றன; அங்கே நெரிசல் பளிச்சென்று தெரிகிறது. முடிவெடுக்கும் இடத்தில் வேண்டிய தகவல், முடிவெடுத்த பிறகு கிடைக்கிறது. என் பார்வையில் இந்தச் செயலியின் பெரிய குறை இதுதான். இதற்கு ஒரு வழி உண்டு. கேரக்டரை நகலெடுத்து, நகல் ஒவ்வொன்றையும் வெவ்வேறு வழியில் ஏற்றி, தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இலவசக் கணக்கிலேயே ஆறு கேரக்டர்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 2024 விதிகளில் இலவசமாகக் கிடைப்பது ஹன்டர் மட்டுமே. மற்ற மூன்றுக்கும் புத்தகத்தை வாங்க வேண்டும். ஓர் உட்பிரிவை மட்டும் தனியாக வாங்கும் வசதியை 2024-இல் எடுத்துவிட்டார்கள். குழுவில் ஒருவர் மாஸ்டர் சந்தாவில் இருந்தால் அவருடைய புத்தகங்களை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல்.

நான்காம் லெவல் ஃபீட்டிலும் இதே கண்ணோட்டம் உதவும். டெக்ஸ்டெரிட்டி 17 உள்ள வில்லாளிக்கு ஷார்ப்ஷூட்டர் அதை 18 ஆக்கும், எதிரி பாதியோ முக்காலோ மறைவில் நின்றாலும் அம்புக்கு அது தடையாகாது. இரு கத்தியோடு நெருங்கிச் சண்டையிடுபவர் நிறைய அடி வாங்குவார். அடிபடும்போதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் தவறினால் குறி கலைந்துவிடும். அந்தச் சேவில் ரேஞ்சருக்குப் புரொஃபிஷியன்ஸி கிடையாது. அடிபட்டாலும் குறி கலையாத நிலை பதின்மூன்றாம் லெவலில்தான் வருகிறது. அதுவரை அவருக்கு வார் காஸ்டர்தான் துணை.

2014 பதிப்பின் ரேஞ்சரும் 'லெகசி' என்ற முத்திரையோடு செயலியில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பழைய மந்திரங்களைப் புதியவற்றால் மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்து, ஆட்டக்காரர்கள் எதிர்த்ததும் பின்வாங்கியது. எந்த விதிகளில் ஆடப்போகிறோம் என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கணக்குக்கு இந்தச் செயலியைத் தயங்காமல் நம்பலாம். தேர்வை நீங்கள்தான் செய்ய வேண்டும். வில்லாளிக்கு என் பரிந்துரை குளூம் ஸ்டாக்கர். பணம் செலவழிக்க விருப்பமில்லையென்றால் இலவசமாக வரும் ஹன்டரை எடுங்கள், ஐந்தாம் லெவல் வரை அதில் குறையொன்றும் தெரியாது.