மாணவன் வரைந்த பாதை: லெவித்தானை அச்சில் ரசிப்பது

பெரிய ஓவியர்களின் மாணவப் பருவப் படங்களை நாம் ஜாதகம் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறோம். பின்னால் வரப்போகும் மேதைமைக்கு இதில் அறிகுறி இருக்கிறதா என்று தேடி, ஒன்றிரண்டு கிடைத்ததும் நகர்ந்துவிடுகிறோம். அவற்றின் அச்சுப் பிரதி என்றால் மதிப்பு இன்னும் குறைந்துவிடுகிறது: முதிர்ந்த படைப்பும் இல்லை, மூலமும் இல்லை. ரஷ்ய நிலக்காட்சி ஓவியர் ஐசக் லெவித்தானின் ‘இலையுதிர்கால நாள், சக்கோல்னிக்கி’ என்ற படத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஓவியம் பார்க்கப் பழகுகிறவர், மாணவப் படம் ஒன்றின் நல்ல அச்சுப் பிரதியிலிருந்து தொடங்குவதே நல்லது. எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்று மாணவன் எடுத்த முடிவுகள் அதில் மறைக்கப்படாமல் தெரிகின்றன. அச்சில் அதிகம் சேதமாகாமல் வந்துசேர்பவையும் அந்த முடிவுகள்தாம்.

லெவித்தான் 1860-ல் பிறந்தவர். மாஸ்கோவின் ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1879-ல் இதை வரைந்தார். நகரின் ஓரத்துப் பூங்காக்காடு ஒன்றில் ஒரு பாதை லேசாக வளைந்து உள்ளே போகிறது. இருபுறமும் உயரமான கரும்பச்சை மரங்கள், அவற்றின் காலடியில் மஞ்சள் பூத்த இளங்கன்றுகள், மேலே நகரும் மேகங்கள், நம்மை நோக்கி நடந்துவரும் கறுப்பு உடைப் பெண். முதலில் கவனிக்க வேண்டியது படம் நெட்டுவாக்கில் இருப்பதை. நிலக்காட்சி என்றால் அகலவாக்கில் விரிப்பதுதான் வழக்கம். இங்கே பக்கங்கள் நெருக்கப்பட்டதால் மரங்கள் உயர்கின்றன, பாதை ஆழமாகிறது. அச்சுப் பிரதியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கீழிருந்து குறுகிச்செல்லும் பாதையும் மேலிருந்து குறுகிவரும் வானமும் ஒன்றையொன்று நோக்கி நீளும் இரண்டு ஆப்புகளாகத் தெரியும். படத்தின் எலும்புக்கூடு அதுதான். அருங்காட்சியகத்தில் சட்டத்தைத் திருப்பிப் பார்க்க எந்தக் காவலரும் விடமாட்டார். இந்தப் பிரதியின் பக்கத்திலேயே, லெவித்தானின் ஆசிரியர் அலெக்சேய் சவ்ராசொவ் 1871-ல் வரைந்த ‘காகங்கள் திரும்பிவிட்டன’ படத்தின் பிரதியை வையுங்கள். அதுவும் நெட்டுவாக்குப் படம், 62-க்கு 48.5 செ.மீ. மாணவன் படம் 63.5-க்கு 50. சாம்பல் வானமும் யாரும் நின்று பார்க்காத சாதாரண இடமும் ஆசிரியரிடமிருந்து வந்தவை என்று எளிதில் ஊகிக்கலாம். ஆனால் சவ்ராசொவ் மெலிந்த மரங்களை முன்னால் நிறுத்தி, பின்னால் ஒரு தேவாலயத்தையும் வைக்கிறார். மாணவன் தேவாலயத்தையும் பறவைகளையும் எடுத்துவிட்டு, நடுவில் வழியைத் திறந்துவிடுகிறான். பாடம் எங்கே முடிகிறது, சொந்த முடிவு எங்கே தொடங்குகிறது என்பது இப்படி அருகருகே வைத்தால்தான் பிடிபடும்.

அந்தப் பெண்ணை வரைந்தவர் லெவித்தான் அல்ல. உடன்படித்த நிக்கலாய் செகாவ், நாமறிந்த சிறுகதைக்காரர் அன்டன் செகாவின் அண்ணன். அப்படியானால் இது கலப்படம் இல்லையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பயிற்சிப் பள்ளியில் இன்னொரு கை படுவது ஆச்சரியமில்லை. ரசிகருக்கோ அது ஒரு வாய்ப்பு. கட்டைவிரலால் அந்த உருவத்தை மறைத்துப் பாருங்கள். மரங்களின் உயரத்துக்கு அளவுகோல் போய்விடுகிறது, ஆனால் தனிமை போவதில்லை. அது பாதையிலும் மேகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. என் கணிப்பில் அந்தப் பெண் படத்துக்குப் பாதி தேவை, பாதி விளக்கவுரை. பிற்கால லெவித்தான் மனித உருவங்களைப் பெரும்பாலும் தவிர்த்ததைப் பார்த்தால், விளக்கவுரை வேண்டாம் என்று அவரும் முடிவுசெய்துவிட்டார் போலும்.

பின்னாளில் புகழ்பெற்றதால்தானே இதையெல்லாம் தேடிப் பார்க்கிறோம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மாணவர் கண்காட்சியிலிருந்து இந்தப் படத்தை பாவெல் திரெத்யாகொவ் வாங்கியபோது லெவித்தானுக்குப் பெயரே இல்லை. அன்றைய ரஷ்யாவின் மிகக் கூர்மையான சேகரிப்பாளருக்கு முன்னால் இருந்தது படம் மட்டும்தான். இன்னொரு பக்கம், வாழ்க்கை வரலாற்றைப் படத்தின்மேல் ஏற்றும் ஆசையும் உண்டு. பெற்றோரை இழந்தவர், வறியவர், யூதர் என்பதால் அதே 1879-ல் மாஸ்கோவைவிட்டு வெளியேற நேர்ந்தவர். எல்லாம் உண்மைதான். இருந்தும் அந்தச் சாம்பல் வானம் ஆசிரியர் படத்திலும் இருக்கிறதே! துயரத்தைக் காரணமாகச் சொல்வதற்கு முன் வகுப்பறையைப் பார்ப்பது நல்லது.

பிரதி நல்லதாக இருக்க வேண்டும் என்றேன். அதைச் சோதிப்பதும் ரசனையில் சேர்ந்ததுதான். மூலம் ‘ஏ2’ தாளைவிடச் சற்றே பெரியது, ஆகவே ஏறக்குறைய மூல அளவிலேயே அச்சிட முடியும். ஆனால் ‘ஏ’ வரிசைத் தாள்கள் இந்தப் படத்தைவிட ஒடுக்கமானவை. தாளை முழுவதும் நிரப்ப நினைக்கும் அச்சகம் பக்கங்களை வெட்டும். ஓரத்து மரங்கள் குறையும், பாதை அகன்றதுபோல் தோன்றும். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்ட பிரதியே நம்பத்தக்கது. அடுத்து இருட்டைப் பாருங்கள். பெண்ணின் உடையும் ஓரத்து மரங்களும் ஒரே கறுப்பாகக் கரைந்திருந்தால் மை அமுங்கிவிட்டது என்று அர்த்தம். இலைகளின் மஞ்சள் கண்ணைப் பறித்தால், விற்பனைக்காக யாரோ நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் எடுத்த பிரதி மங்கிய நிறங்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கேன்வாஸ் பிரின்ட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். தூரிகை எங்கே அழுத்தியது, எங்கே தடவிப் போனது என்ற வித்தியாசம் அதில் கிடையாது. எங்கும் ஒரே நெசவு. தாள், தான் தாள் என்று ஒப்புக்கொள்கிறது.

அச்சில் எல்லாப் படமும் இப்படித் தாக்குப்பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. லெவித்தான் 1894-ல் வரைந்த ‘நித்திய அமைதியின் மீது’ 150-க்கு 206 செ.மீ. பார்ப்பவரைவிடப் பெரிய வானமும் நீருமாக விரியும் படம் அது. அதைப் பத்திரிகைப் பக்கத்துக்குச் சுருக்கினால் மேகமும் ஏரியும் சின்ன கல்லறைத்தோட்டமும் இருக்கும், நம்மைச் சிறிதாக்கும் அந்த வானம் இருக்காது. முதிர்ந்த ஓவியரின் பலம் அளவிலும் பூச்சிலும் சாம்பலுக்குள் சாம்பலாகப் பிரியும் நிறங்களிலும் போய்த் தங்கிவிட்டது. அதைப் பார்க்க மாஸ்கோவின் திரெத்யாகொவ் காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். சக்கோல்னிக்கிப் பாதையும் அங்கேதான் இருக்கிறது; ஆனால் அதன் முக்கால்வாசியை வீட்டு மேசையிலேயே படித்து முடித்திருக்கலாம்.