எழுதும் நேரம் யாருடையது?

நாவலாசிரியர்களிடம் எப்போது எழுதுகிறீர்கள், எதை விரும்பிப் படிக்கிறீர்கள் என்று கேட்பது ஒரு சடங்காகிவிட்டது. விடியற்காலை நான்கு மணி, குறிப்பிட்ட பேனா, டால்ஸ்டாய், தாஸ்தாவ்ஸ்கி என்று பதில்களும் தயாராக இருக்கின்றன. எனக்கு இவற்றில் சலிப்பே மிஞ்சுகிறது. கேள்வி அற்பமானதல்ல. பதில்கள்தான் அதை அற்பமாக்குகின்றன.

க.நா.சு. 1957இல் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு, தமக்குப் பிடித்த நூல்களை வாசகன் முன் வைத்தார். பட்டியல் போடுகிறார் என்ற குறை அவர்மீது கடைசிவரை இருந்தது. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பாவுக்கு ரசனை மட்டும் போதவில்லை; படைப்பை அலசிக் காட்ட வேண்டும் என்றார். ரசனையும் அலசலும் பேசப்பட்ட அளவுக்கு, படிக்கவும் எழுதவும் ஒருவனுக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்பது நம்மிடையே பேசப்படவில்லை.

ஓசூரில் இதைத் தவிர்க்க முடியாது. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து இந்த ஊரின் நாள் ஷிப்டுகளாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது. முதல் ஷிப்டுக்குப் பஸ் பிடிக்கிறவனுக்கு நான்கு மணி என்பது தியான வேளையல்ல, குளிக்கிற வேளை.

இவ்வூரில் வசிக்கும் பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' (2008) பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கும் திப்புவின் நாட்டுக்கும் இடையே நடமாடுகிற பெரிய நாவல். சங்கு ஊதினாலும் நிற்காத வாக்கியங்கள். அவருக்குப் பிடித்த நூல்கள் எவை என்று நான் அவரைக் கேட்க மாட்டேன். ஒரு கதையை முடிக்காமல் இன்னொன்றுக்குள் நுழைகிற நம் பழைய கதைசொல்லிகள் அந்த நடையிலேயே தெரிகிறார்கள். இந்த நீளத்தை ஆடம்பரம் என்பவர்கள் உண்டு. நான் அதை மறுப்பாகவே படிக்கிறேன்: எட்டு மணிக் கணக்கில் வெட்டப்படும் நாளுக்கு ஒரு மறுப்பு. ஆனால் அந்த மறுப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவன் அதை இருபது இருபது பக்கமாகத்தான் படிக்க முடியும் என்ற சங்கடமும் உண்மைதான்.

இதே ஊர்க்காரரான ஆதவன் தீட்சண்யா வேறு வழியில் போகிறார். 'மீசை என்பது வெறும் மயிர்' நாவலில் நந்தஜோதி பீம்தாஸ் என்ற எழுத்தாளரைக் கற்பித்து, அவருடைய பேட்டியையே நாவலின் பகுதியாக்குகிறார். பேட்டி என்ற சடங்கு அங்கே சாதி பற்றிய விசாரணையாகத் திரும்பிவிடுகிறது. உன் பழக்கம் என்ன என்ற கேள்விக்குள், ஒரு அறை, ஒரு மேஜை, தொந்தரவில்லாத இரண்டு மணி நேரம் உனக்கு உண்டு என்ற அனுமானம் ஒளிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

ஆகவே எழுத்தாளர்கள் தங்கள் பழக்கங்களைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுக்கச் சொல்லட்டும். படித்தது எந்த வாக்கியத்தை மாற்றியது என்று சொல்லட்டும். எழுதிய மணி நேரம் தூக்கத்திலிருந்து எடுத்ததா, சம்பளத்திலிருந்து எடுத்ததா, வீட்டிலிருக்கும் இன்னொருவர் உழைப்பிலிருந்து எடுத்ததா என்பதையும் சொல்லட்டும். அவர் நான்கு மணிக்கு எழுந்தபோது, காப்பி போட மூன்றரைக்கு எழுந்தவர் என்ன படித்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.