மேகம் தீட்டிய கை

பாகலூரிலிருந்து ஓசூர் வழியாக இராயக்கோட்டைக்குச் செல்வோரை அவ்வூரின் பாறைமலை தூரத்திலேயே வரவேற்கும். திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த அக்கோட்டையைக் கும்பினிப்படை 1791 ஜூலையில் கைப்பற்றியது. மறு ஆண்டு உடன்படிக்கையால் பாராமகாலே கைமாறிற்று. படை சென்ற வழியில் ஓவியரும் வந்தனர். தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் இப்பகுதியின் மலைக்கோட்டைகளை வரைந்து, பின்னர் இலண்டனில் அச்சிட்டு விற்றனர்.

ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப் பின் தூரிகையின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றது. 1856இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டைக் காட்சிகள் அடங்கிய தொகுதியை 1858இல் வெளியிட்டார். பாறையின் வெடிப்பும் மதிலின் சிதைவும் அவர் படங்களில் துல்லியமாக நிற்கின்றன. ஆயின், கருவி வெளிறவிட்ட வானத்தில் அவர் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டினார்! உண்மையைப் பதிக்க வந்த கலையும் கண்டோர் விருப்பத்திற்கு இணங்கிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டிரைப் அரசூழியர். 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்னோ வணிகர். 'போர்ன் - ஷெப்பர்டு' நிறுவனத்தின் படங்கள் எண்ணிட்ட பட்டியலிலிருந்து விற்பனையாயின. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. ஆகவே இருட்டுக் கூடாரமும் உடன் செல்ல வேண்டும். 1866இல் இமயம் ஏறிய போர்னின் சுமைகளைத் தூக்கியோர் சுமார் 80 பேர். அவர் பெயர் உலகறியும். அந்த எண்பதின்மர் பெயரை எவர் அறிவார்?

இப்படங்களின் அழகை மறுப்பது நேர்மையாகாது. அவற்றின் மௌனத்தைக் கேளாதிருப்பதும் நேர்மையாகாது. நெடுநேரம் ஒளி வாங்கிய கருவியில் அசைவோர் பதியவில்லை என்பது தொழில்நுட்பக் காரணம். ஆளற்ற கோட்டை, வென்றவர் கண்ணுக்கு இனித்தது என்பது மற்றொரு காரணம். எனினும், கருங்கல்லுக்காகக் குன்றுகள் அறுபடும் இம்மாவட்டத்தில், அன்றைய நிலத்தோற்றத்திற்கு அப்படங்களே இன்று சாட்சி. ஆள்வோருக்காக எடுத்த படம் ஆளப்பட்டோரின் ஆவணமாயிற்று.

நம் இல்லங்களின் பழம்பெட்டிகளிலும் படங்கள் உறங்குகின்றன. அவற்றின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைப்போம். பெயரற்றுப்போன அந்த எண்பதின்மர் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.