கோக் தீர்ப்பும் குறிஞ்சிப்பாடி சென்டரும்

குறிஞ்சிப்பாடியில் ஃப்ரான்சைஸ் எடுத்து கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் நண்பர் ஒப்பந்தத்தைக் காட்டினார். விலகிய பிறகும் இரண்டு வருஷம் அதே தொழில் செய்யக் கூடாதாம். அது செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு போதும்.

சிக்கல் விலகுவதற்கு முன்னால்தான். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை போட்டிச் சரக்கைத் தொடக் கூடாது என்பது வணிகத் தடையே இல்லை என்று 1995-ல் குஜராத் பாட்லிங் – கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பாட்லிங் கம்பெனியின் பங்குகளையே பெப்சி தரப்பு வாங்கியிருந்தது. ஆனையும் ஆனையும் மோதிய வழக்கு. அதே அளவுகோலை நாலு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் வைப்பது எனக்குச் சரியாகப் படலை. நண்பருக்கும் அந்த வழக்கில் இருந்தமாதிரியே ஒரு வருஷ நோட்டீஸ். அதுவரை தனியாக ஒரு டேலி வகுப்புகூட எடுக்க முடியாது. வாடகை மட்டும் மாசாமாசம் போய்க்கிட்டே இருக்கு.