கிராண்ட் உட்டின் ‘புழுக்க இரவு’: உருவமும் தடையும்

முன்னுரை

அமெரிக்க வட்டார ஓவியர்களுள் குறிப்பிடத்தக்கவர் கிராண்ட் உட் (1891–1942). ‘அமெரிக்கன் காதிக்’ (1930) ஓவியத்தால் புகழ்பெற்ற இவர், பிற்காலத்தில் கல்லச்சுப் படங்களும் வரைந்தார். அவற்றுள் ‘புழுக்க இரவு’ (1939) ஓர் ஆடவனின் உருவ வரைவாகும். அது எதிர்கொண்ட தடையையும் அதன் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உருவ அமைப்பு

கால்நடைகள் நீரருந்தும் தொட்டியருகே ஆடையற்ற உழவன் ஒருவன் வாளி நீரைத் தன்மேல் ஊற்றிக்கொள்கிறான். தொட்டி கிடைக்கோடாகவும் உடல் செங்குத்தாகவும் அமைந்துள்ளன. உடல் அசைவின்றி நிற்க, நீர் ஒன்றே இயங்குகிறது. கல்லச்சில் ஓவியர் கொழுப்புப்பசையுள்ள கோலால் கல்லின்மீதே வரைவதால், இதனைக் கோட்டோவியமாகவே கொள்ளலாம். இருள் செறிந்த வெளியில் வெளிறி நிற்கும் உடலே பார்வையை ஈர்க்கிறது.

தடை

இப்படத்தை வெளியிட்ட அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், அச்சுப்படங்களை ஐந்து டாலர் விலையில் அஞ்சல்வழி விற்றுக் கலையை எளிய இல்லங்களுக்குக் கொண்டு சென்றது. அமெரிக்க அஞ்சல்துறையோ இதனை ஆபாசமெனக் கருதி அஞ்சலில் ஏற்க மறுத்தது. வழக்கமாக 250 படிகள் அச்சாகும் நிலையில் இது 100 படிகளோடு நின்றது. நாட்டுப்புற வாழ்வைச் சித்திரித்த படம் நாட்டுப்புற மக்களைச் சென்றடைய இயலாமற் போனது.

இருவகைப் பொருள்கோள்

குளியல் தொட்டியில்லாத பண்ணைகளில் பகல் வெயிலில் சூடேறிய நீரில் உழவர் இரவில் குளித்ததைத் தம் இளமை நினைவாக உட் விளக்கினார். தந்தை இறந்த 1901இல் அவர் பண்ணையைவிட்டு சீடர் ராப்பிட்ஸ் நகருக்குப் பெயர்ந்தவர். எனவே இது பத்து வயதிற்குள் கண்ட காட்சியின் மீட்டுருவாக்கம் ஆகும். ஆர். டிரிப் எவன்ஸ் 2010இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, உட்டின் ஓவியங்களில் ஆடவர்பால் கொண்ட ஈர்ப்பு உறைந்துள்ளதெனக் கருதுகிறது. இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. நினைவில் நெடுநாள் தங்கிய உருவம் விருப்பம் தோய்ந்ததாகவும் இருக்கக்கூடும். எனினும் இரவுக் குளியல் என்னும் அன்றாடச் செயலே படத்தின் அடிப்படை என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

இக்காட்சியை எண்ணெய் வண்ணத்திலும் தீட்டிய உட், பின்னர் உழவன் உருவம் இருந்த பகுதியை வெட்டி நீக்கினார். எஞ்சியது ஆளற்ற நிலக்காட்சி. நிலத்தையும் அதன் மாந்தரையும் ஒருசேரக் காட்டுதல் வட்டாரவியத்தின் குறிக்கோள். உழைப்பாளியின் உடைகளையும் கருவிகளையும் ஏற்ற சமூகம் அவன் உடலை ஏற்கவில்லை என்பதை வெட்டுண்ட அவ்வோவியம் உணர்த்துகிறது. உருவம் முழுமையாக எஞ்சியிருப்பது கல்லச்சுப் படிகளில்தான். அவ்வகையில் ‘புழுக்க இரவு’ வட்டாரவியத்தின் எல்லையையும் சேர்த்தே காட்டும் படைப்பு எனலாம்.