மானமும் மன்னிப்பும்

பொய்ச் செய்தி எழுதித் தன் நற்பெயரைச் சிதைத்த ஒருவனை மன்னிப்பது எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பி, விடை கூறாமலே முடிந்துவிடும் புதினம் ஒன்றை அண்மையில் மீண்டும் படித்தேன். ஹைன்ரிஷ் பெல் 1974-இல் வெளியிட்ட 'கத்தரீனா ப்ளூமின் இழந்த மானம்' என்பதே அது. ஜெர்மனியின் கொலோன் நகரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் 1917-இல் பிறந்தவர் பெல். 1972-இல் நோபல் பரிசு பெற்றவர்.

வீட்டுவேலை செய்து நேர்மையாக வாழும் 27 வயதுப் பெண் கத்தரீனா. கார்னிவல் விழாக்கால விருந்து ஒன்றில் சந்தித்த இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள்; காவலர் தேடும் அவன் தப்பிச் செல்ல உதவுகிறாள். உடனே ஒரு நாளிதழ் அவளை வேட்டையாடத் தொடங்குகிறது. அவளுடைய அறிவையும் நிதானத்தையும் பாராட்டி முதலாளி கூறியவை, அவள் நெஞ்சீரமற்ற சூழ்ச்சிக்காரி என்று திரிந்து அச்சேறுகின்றன. வண்ணம் பூசும் தொழிலாளியாக வேடமிட்டு மருத்துவமனைக்குள் நுழையும் செய்தியாளன், நோயுற்ற தாயின் ஏக்கக் கேள்வியை மகள்மீதான தீர்ப்பாக மாற்றி எழுதுகிறான். எளியவர் தம் மனத்தைச் சொல்லத் துணைபுரிந்தானாம்! தாய் இறக்கிறாள். ஞாயிறன்று கத்தரீனா அவனைச் சுட்டுக் கொல்கிறாள். பின்னர் ஏறத்தாழ ஏழு மணி நேரம் நகரில் அலைந்து, தன்னுள் மனவருத்தத்தைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. தானே சென்று சரணடைகிறாள்.

கதையில் எனக்கொரு குறை தோன்றுகிறது. செய்தியாளனின் உள்ளத்தைப் பெல் நமக்குத் திறந்து காட்டவேயில்லை. மனந்திரும்பக்கூடிய மனிதனாக அவன் ஒரு கணமும் தோன்றுவதில்லை. ஆகவே, மன்னிப்பு நுழையும் வாயில் கதையில் முன்னதாகவே அடைபட்டுவிடுகிறது.

எனினும், என்னை உறுத்தியது வேறொரு பாத்திரம். கத்தரீனாவின் சொந்த ஊர்ப் பங்குக்குரு, அவள் எதையும் செய்யக்கூடியவள் என்று நிருபரிடம் கூறுகிறார். அவள் தந்தையை மறைமுகப் பொதுவுடைமையாளர் என்றும், தாயைத் திருப்பலி இரசம் திருடியவள் என்றும் பழிக்கிறார். பின்னர்ச் சான்று கேட்டபோது, தம் மூக்கின் மோப்பமே போதும் என்கிறார். பொய்யைச் செய்தியாளன் தனியே படைப்பதில்லை. நம் நாவையும் இரவல் வாங்குகிறான்.

கத்தரீனா மன்னித்திருக்கலாகாதா என்று கேட்பது நமக்கு எளிது. ஆனால் மன்னிப்பு வேறு, பொய்யைப் பொய்யென்று அறிவிப்பது வேறு. மன்னிப்பவர் விட்டுக்கொடுப்பது பழிவாங்கும் உரிமையை; உண்மையை அன்று. பொய் கூறி ஒருவர் பெயரைக் கெடுத்தவன், தான் கூறியது பொய்யென ஒப்புக்கொண்டு அதனை மீட்டுத்தரக் கடமைப்பட்டவன் என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை. மன்னிப்புப் பெற்றபின்னும் ஈடுசெய்யும் கடமை நீடிக்கிறது என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் தெளிவாக்குகிறது. தம்மைக் கொன்றவர்களுக்காக வேண்டிய ஆண்டவரும், தலைமைக்குரு முன்னிலையில் அறைபட்டபோது வாளா இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறு எது, காட்டு என்று கேட்டார்.

பெல் தம் வாழ்வில் இவ்வழியையே நாடினார். தாம் சொல்லாதவற்றைத் தம் சொற்களாகத் தொலைக்காட்சியில் கூறிய விமர்சகர்மீது வழக்குத் தொடுத்தார். 1980-இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கத்தரீனாவுக்கோ அத்தகைய வாயில் எங்கும் திறக்கவில்லை. அவள் கையில் எஞ்சியது துப்பாக்கி.

நூலை மூடியபோது, ஒப்புரவு அருளடையாளத்தில் குருக்களாகிய நாங்கள் இடும் தண்டனைச் செபங்கள் நினைவுக்கு வந்தன. திருடியவனிடம், பொருளைத் திருப்பிக் கொடு என்கிறோம். புறங்கூறியவனையோ மூன்று அருள்நிறை மந்திரத்தோடு அனுப்பிவிடுகிறோம். எவர் செவியில் பொய்யைச் சொன்னாயோ, அவரிடமே சென்று உண்மையைச் சொல் என்று பணிக்க ஏன் தயங்குகிறோம்? காயம்பட்டவரிடம் மன்னிப்பைக் கேட்கும்முன், காயப்படுத்தியவரிடம் நாம் கேட்கவேண்டியது அது.